சூடு வீட்டுக்கு, புகை வெளியே



நம்ம காம்பராவில் அடுப்புக்கு ரெண்டு வேலை. ஒன்று சமையல். மற்றது குளிர் காய்வது. புத்தளம் கடலோரத்துக் கனமூலைப் பக்கம் தென்னை மட்டையும் சிரட்டையும் எரித்துச் சமைத்து, வேலை முடிந்ததும் அடுப்பை அணைத்து விடலாம். அந்த வெக்கையில் அடுப்பைச் சுற்றி உட்கார யாருக்கும் தேவையில்லை. நுவரெலியாப் பக்கமோ தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும். கதவு ஜன்னலை அடைச்சு அடுப்பண்டை உட்காருகிறோம். சூட்டோடு புகையும் உள்ளேயே நிற்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து துரை பங்களாக்களில் குளிர் காயச் சுவர் அடுப்பும், புகை போகப் புகைக்கூண்டும் வைத்துக் கட்டினார்கள். லயத்தில் பெரும்பாலும் மூன்று கல் அடுப்புத்தான். சூடும் புகையும் வேறு வேறு என்பதுதான் இந்தப் பாடம்.

புகை செய்யும் கெடுதி

புகை கண் எரிச்சலோடு நிற்காது. சிறு பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல், பெரியவர்களுக்கு நெஞ்சுச் சளி, மூச்சு முட்டல், இருதய வருத்தம் வர அது காரணமாகிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020 இல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 237,000 க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

அனகி அடுப்பு

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அனகி அடுப்பு என்பது 1980 களில் உருவாக்கப்பட்டு, 1990 களில் இருந்து நாடெங்கும் பரவிய களிமண் அடுப்பு. குருநாகல் மாவட்டத்துக் கும்புக்கெட்டே குயவர்கள் இதைச் செய்வதில் பேர் போனவர்கள். 2022 இல் கேஸ் கிடைக்காதபோது பட்டணத்து ஆட்களும் விறகடுப்பைத் தேடி ஓடினார்கள்.

இதில் ஒரு வாய், ரெண்டு பானை. முதல் பானைக்கு அடியில் எரியும் நெருப்பின் சூடு உள் வழியாக ரெண்டாவது பானைக்குப் போகும். மூன்று கல்லில் நாலு பக்கமும் சிதறும் சூடு இங்கே பானையில் பிடிக்கிறது. விறகும் குறையும், புகையும் குறையும்.

வைக்கும் முறை

1. தரை மட்டமான இடத்தில், பலகைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் தவழும் இடமானால் மண் மேடை கட்டி அதன் மேல் வைக்கவும்.
2. புற்றுமண், சாணி, நறுக்கிய காய்ந்த புல் மூன்றையும் பிசைந்து அடுப்பைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பூசுங்கள். சில நாள் காய விட்டு, முதலில் சிறு தீயாக எரிக்கவும். இந்தச் சுவர் சூட்டைப் பிடித்து வைத்து, நெருப்பு அடங்கிய பிறகும் மெல்ல மெல்ல விடும்.
3. ரெண்டாவது குழியை வெறுமையாக விடாதீர்கள். தண்ணீர்ப் பானை வைத்தால் வெந்நீர் சும்மா கிடைக்கும்.
4. அனகியிலும் புகை முழுதாக நிற்காது. அடுப்புக்கு மேலே புகை போக வழி வேண்டும். தகரக் குழாய் வைத்தால் மரச் சட்டத்துக்கு ஒன்றரை அடியாவது விலகி இருக்கட்டும். மாதம் ஒரு தரம் கரியைத் தட்டுங்கள். சுவரையோ கூரையையோ வெட்டுமுன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி எடுக்கவும்.

விறகு

பச்சை விறகை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை வற்றச் செய்யவே போய்விடும். கவ்வாத்து மிலாறை மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே எரியுங்கள். அடுப்புக்கு நேர் மேலே பரணில் விறகு அடுக்குவது ஆபத்து. ஒரு பொறி போதும். லயத்துக்குக் கூரை ஒன்று; ஒரு காம்பராவில் பிடித்த தீ எல்லாக் காம்பராவுக்கும் ஓடும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைப்பதும், பொலித்தீன், மருந்துப் போத்தல், உரப்பை எரிப்பதும் கூடவே கூடாது.

தணல் சட்டி வேண்டாம்

பிள்ளை பெற்ற வீட்டிலும், குளிர் ராத்திரியிலும் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கிற இடத்தில் வைத்து, கதவை அடைப்பவர்கள் உண்டு. தணலில் புகை தெரியாது. ஆனால் காபனோரொட்சைட்டு என்ற விஷ வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழும்பாமலே போகலாம். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே ஆளைக் காற்றோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். குளிருக்குக் கம்பளி, வெந்நீர்ப் போத்தல், சூடான அடுப்புச் சுவர் போதும். தணல் அடுப்பிலேயே கிடக்கட்டும்.

நெருப்புச் சுட்டால் பற்பசை, எண்ணெய் தடவ வேண்டாம். பீலித் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, பிறகு மருந்துக்குப் போங்கள்.

மடுவத்தில் கூடும்போது பேசிப் பார்க்க மூன்று கேள்வி

1. உங்கள் காம்பராவில் புகை எந்த வழியாக வெளியே போகிறது?
2. அடுப்புக்கு மேலே எரியக்கூடிய என்ன சாமான் இருக்கிறது?
3. உங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து அடுப்புத் திருத்த எத்தனை பேர் கை கொடுப்பீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் மண், நாலு பேர் கை. இவ்வளவும் சேர்ந்தால் லயத்தில் ஒரு அடுப்பையாவது திருத்திவிடலாம். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இருந்து தொடங்குங்கள்.