மெல்லிய பலகை வளையாமல் சாயமும் பாலிஷும்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விதுரா ஊரைத் தாண்டி மலையேறினால் போனக்காடு. அங்கே பழைய தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. இத்தகைய தொழிற்சாலைகளின் தேயிலை ஒரு காலத்தில் பிளைவுட் பெட்டிகளில்தான் கப்பலேறியது. சில மி.மீ. கனமே உள்ள தகடுகள்தான். ஆனால் அடுக்குகளின் நாரோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டதால் அவ்வளவு எளிதில் கோணவில்லை. ஒற்றைப் பலகைக்கு அந்தக் காவல் கிடையாது.

ஏன் வளைகிறது?

ஈரம் பட்டால் மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் உப்பும். தண்ணீரில் கரைத்த சாயத்தை ஒரு முகத்தில் மட்டும் பூசினால் அந்த முகம் உப்பி, பலகை நடுவில் மேடாகும். ஓர் அங்குலப் பலகை இதைத் தாங்கிக்கொள்ளும். 2 நூல், அதாவது சுமார் 6 மி.மீ. பலகை தாங்காது.

பலகையைப் பழக்குங்கள்

நாகர்கோவிலின் வறண்ட கிடங்கில் கிடந்த பலகையை மழை மிகுந்த இந்தப் போனக்காட்டு மலைக்குக் கொண்டுவந்த அன்றே வேலை தொடங்காதீர்கள். வேலை செய்யும் அறையில், இடையிடையே ரீப்பர் வைத்து, இரு பக்கமும் காற்றுப் படும்படி ஓரிரு வாரம் அடுக்கி வையுங்கள். தேக்கு குறைவாக அசையும் மரம். ரப்பர் மரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இம்மலைக்கு இரு பருவமழையும் உண்டு. அருகிலுள்ள அகத்தியர்கூடச் சிகரத்துக்கு ஆட்கள் ஏறும் ஜனவரி, பிப்ரவரிதான் பாலிஷ் வேலைக்கும் நல்ல காலம்.

சாயம் பூசுதல்

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஸ்பிரிட்டில் கரையும் சாயம். சீக்கிரம் காயும், மரத்தை அதிகம் உப்பவைக்காது. அடுப்பு, பீடி எதுவும் அருகில் வேண்டாம். தண்ணீர்ச் சாயம்தான் கையில் இருக்கிறதென்றால் துணியைப் பிழிந்து மெல்லியதாகத் தடவி, உடனே திருப்பி மறுமுகத்திலும் அதே அளவு தடவுங்கள். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடுவதுதான் பாதிப் பலகைகளைக் கெடுக்கிறது. சுவரோரம் மறையும் முகத்துக்குச் சாயம் வேண்டாமென்றால் வெறும் தண்ணீராவது தடவுங்கள்.

பிறகு பலகையை விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். மேசையில் படுக்கவைத்தால் கீழ்முகம் காயாது. வெயிலும் வேண்டாம்.

கிளாம்ப் போட்டு அழுத்தலாமா?

கூடாது. உப்ப இடமில்லாத நார் நசுங்கும்; காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கும். மேடாக இருந்த முகம் அப்போது குழியாகிவிடும்.

பாலிஷ்

உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு சீலர், அரக்கு, வார்னிஷ் எதுவானாலும் இரு முகத்திலும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள். பலகையின் இரு முனைகளையும் விடாதீர்கள். அங்கேதான் ஈரம் வேகமாக ஏறும். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், முழுதாகத் தடுக்காது.

கதவுச் சட்டத்துக்குள் நுழையும் பலகையென்றால், பொருத்துவதற்கு முன்பே விளிம்புவரை சாயமேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் பலகை சுருங்கும்போது சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் பலகை அசைய இடம் வேண்டும்; ஆணியோ பசையோ வேண்டாம்.

வளைந்துவிட்டால்?

பதறாமல், இரு பக்கமும் காற்றுப் பட நிறுத்துங்கள். தண்ணீர்ச் சாயத்தால் வந்த வளைவு பெரும்பாலும் காய்ந்ததும் தானாக இறங்கும். ஒரு முகத்தில் மட்டும் வார்னிஷ் அடித்திருந்தால் மறுமுகத்துக்கும் அடியுங்கள். அதன் பிறகும் நிமிராத பலகையைக் குறுகலாக அறுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதே லாபம்.