வளைவில் ஓடும் கால்கள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சீன நாட்டின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. மகளிர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 55.42 நொடிகளில் இலக்கை அடைந்தார். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய நேரமும் அதுவே. அன்று நொடியின் நூறில் ஒரு பங்கினால் உஷாவுக்கு வெண்கலப் பதக்கம் கை நழுவியது. 39 ஆண்டுகள் நிலைத்த அத்தேசியச் சாதனையைச் சமன் செய்த வித்யா, மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

இவ்வோட்டத்தில் ஏறத்தாழ 231 மீட்டர் வளைவுப் பாதையாகும். வளைவில் ஓடுவது நேர்ப்பாதையில் ஓடுவதைவிடக் கடினம். ஏன்?

இயங்கும் பொருள், புறவிசை தாக்காத வரை நேர்கோட்டிலேயே செல்லும் என்பது நியூட்டனின் முதல் விதி. ஆகவே, ஓடுபவரைத் திருப்புவதற்கு வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். அதுவே மையநோக்கு விசை. ஓடுபவர் தரையை வெளிப்புறமாக உந்துகிறார். தரை உராய்வினால் அவரை உட்புறமாகத் தள்ளுகிறது. நிமிர்ந்தே ஓடினால் உடல் வெளிப்புறம் கவிழும். எனவே அவர் உட்புறம் சாய்ந்து ஓடுகிறார்.

வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். வளைவின் ஆரம் குறைந்தாலும் விசை மிகும். 50 கிலோகிராம் நிறையுடையவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். முதல் தடத்தில் அவருக்கு ஏறத்தாழ 87 நியூட்டன் விசை தேவை; எட்டாம் தடத்தில் 71 நியூட்டன் போதும். உடலைத் தாங்கும் கால்களே இவ்விசையையும் தாங்க வேண்டியிருப்பதால், வேகம் சற்றே குறைகிறது.

வெளித்தடங்கள் நீளமானவை. ஆதலால் அத்தடத்தினர் முன்னே நின்று தொடங்குவர். இதனால் தொலைவு சமமாகிறது; வளைவோ சமமாவதில்லை. நூறில் ஒரு நொடி பதக்கத்தை முடிவு செய்யும் களத்தில் இச்சிறு வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதே. ஆகவேதான் வீரர்கள் வளைவில் ஓடுவதைத் தனியே பயில்கின்றனர்.

சொற்பொருள்
தடம் – ஒருவர் ஓடுவதற்குரிய பாதை
ஆரம் – மையத்திலிருந்து வட்டத்தின் விளிம்புவரை உள்ள தொலைவு
புறவிசை – வெளியிலிருந்து தாக்கும் விசை

பயிற்சி
1. வளைவில் ஓடுபவர் உட்புறம் சாய்வது ஏன்?
2. முதல் தடத்தில் மிகுந்த விசை தேவைப்படுவதன் காரணம் யாது?
3. சாந்திபுரத்திலிருந்து குப்பம் செல்லும் பேருந்து வளைவில் திரும்பும்போது, பயணிகள் எப்பக்கம் சாய்வர்? நியூட்டனின் முதல் விதியைக் கொண்டு விளக்குக.