மலைச்சரிவின் மண்: சப்பிரகமுவத் தோட்டங்கள் தரும் பாடம்

இரத்தினபுரி என்னும் பெயரைக் கேட்டவுடன் நிலத்தடியிற் கிடைக்கும் மாணிக்கக் கற்களே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அம்மாவட்டத்தையும் அண்டையிலுள்ள கேகாலையையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்திலே பெருந்தொகையான மக்களுக்குச் சோறளிப்பது நிலத்தடி மணியன்று; தேயிலையும் இறப்பரும் வேரூன்றி நிற்கும் மேல்மண்ணேயாகும். அது எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு காக்கப்படலாம் என்பவற்றை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

மழையும் வெறுநிலமும்

1869ஆம் ஆண்டிலே கோப்பியிலைத் துரு நோய் இலங்கையிற் காணப்பட்டது. கோப்பி அழிந்த நிலங்களிலே தேயிலை பரவிற்று. 1876இல் ஹெனரத்கொடப் பூங்காவுக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைச் சரிவுகளை நிரப்பின. காடு வெட்டப்பட்டது. ஒரு புல்லும் முளையாவண்ணம் நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்தலே சிறந்த தோட்டச் செய்கை என அக்காலத் துரைமார் பலர் கருதினர். கண்ணுக்கு அழகான அவ்வழக்கமே மண்ணுக்குக் கேடாயிற்று.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்குச் சராசரி 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இது யாழ்ப்பாணத்து மழையின் ஏறக்குறைய மும்மடங்காகும். மழைத்துளி வெறுநிலத்தில் மோதும்போது மண்கட்டிகள் சிதறுகின்றன. சிதறிய நுண்டுகள்கள் மண்ணின் துவாரங்களை அடைக்கின்றன. நீர் உட்செல்ல இயலாது சரிவிலே ஓடுகின்றது. ஓடும் நீர் மேல்மண்ணையும் உடன்கொண்டு செல்கின்றது. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் கனமான மண் மட்டும் கழுவப்படின், அஃது பத்துக் கனமீற்றராகும். நிறையோ பத்துத் தொன்னுக்கு மேற்படும். கண்ணுக்குப் புலப்படாத இவ்விழப்பே பெருமழையின் பின் களுகங்கை செம்மண்ணிறமாகப் பாய்வதற்கு ஒரு காரணம்.

இக்கேட்டை அரசாங்கம் உணராதிருக்கவில்லை. மண்ணரிப்பைப் பற்றிய குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பேணற் சட்டமும் பின்னர் நிறைவேறியது.

மண்ணின் இயல்பு

இப்பகுதியிற் பெரும்பான்மையாக உள்ளது செம்மஞ்சட் பொட்சோல் மண். அது அமிலத்தன்மை உடையது. அதன் களி, பயிருணவைப் பற்றி வைத்திருக்கும் ஆற்றலிற் குறைந்தது. அக்குறையை நிறைவு செய்வது உக்கிய இலைதழைகளாலான சேதனப் பொருளேயாம். மேல்மண் போனால் அப்பொருளும் போகின்றது. அதன்பின் எவ்வளவு பசளை இட்டாலும் அதிற் பெரும்பங்கு மழையோடு ஓடையைச் சேரும்.

தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. அமோனியம் சல்பேற்று முதலிய பசளைகளைத் தொடர்ந்து இட்டால் அமிலம் மிகும். ஆதலாலேயே கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்று இடும் வழக்கம் ஏற்பட்டது.

ஆராய்ச்சி காட்டிய வழிகள்

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையைத் தலைமையிடமாகக் கொண்டது. தாழ்நிலத் தேயிலைக்கென இரத்தினபுரியிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. இறப்பர் ஆராய்ச்சி நிலையம் அகலவத்தையில் இருந்து பணிபுரிகின்றது. இவை பரிந்துரைக்கும் முறைகளுட் சிலவற்றை நோக்குவோம்.

முதலாவது, சமவுயரக் கோட்டை ஒட்டிக் கான் வெட்டுதல். 120 அடிக்கு ஓரடி என்னும் அளவான சாய்வே கானுக்கு விதிக்கப்படுவது. கானுக்குள் இடையிடையே விடப்படும் தடுப்புகள் மண்ணைத் தேக்கி நீரை மட்டும் மெல்ல விடுகின்றன. இரண்டாவது, முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கியபின் உடனே கன்று நடாது, குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஏறக்குறைய இரண்டாண்டுகள் வளர்த்து, அடிக்கடி வெட்டி நிலத்திற் பரப்புதல். வருவாயின்றிக் காத்திருக்கும் இக்காலத்திலே மண் தன் வலிமையை மீளப் பெறுகின்றது. மூன்றாவது, இறப்பர்க் கன்றுகளிடையே பியுறேரியா முதலிய அவரைக் குலக் கொடிகளைப் படரவிடுதல். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் காற்றின் நைதரசனைப் பயிருணவாக்குகின்றன. நான்காவது, சீமைக்கிளுவையை நட்டு அதன் தழையை வெட்டிப் பரப்புதல். வயலிலும் தோட்டத்திலும் குழை தாழ்த்த நம் முன்னோருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டின் படிப்பினை

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறக்குறைய 251 மில்லியனாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்குப் பசளைத் தட்டுப்பாடு முக்கிய காரணமாயிற்று.

காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். தேயிலைத் தூளில் நூற்றுக்கு நான்கு பங்களவு நைதரசன் உண்டு. எனவே 1000 கிலோகிராம் தூள் மலையை விட்டு நீங்கும்போது 40 கிலோகிராம் நைதரசனும் நீங்குகின்றது. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உளதெனக் கொண்டால், அவ்விழப்பை மட்டும் ஈடுசெய்ய 4000 கிலோகிராம் உலர்ந்த எருவை மலைமேற் சுமந்தேற்ற வேண்டும். ஆகவே சேதனப் பொருளா, அசேதனப் பசளையா என்று வழக்காடுதல் பயனற்றது. முன்னது மண்ணைப் பேணுகின்றது. பின்னது பயிருக்குப் பற்றாக்குறையை நிரப்புகின்றது. ஒன்று மற்றொன்றின் வேலையை முற்றாகச் செய்யாது.

யாருடைய மண்?

வழிகள் அறியப்பட்டும் அவை எங்கும் கைக்கொள்ளப்படாமைக்கு ஏது, அவற்றின் செலவு இன்றே கையிலிருந்து போவதும், பயன் ஆண்டுகள் கழித்தே வருவதுமாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. உடைமை மாறினும் கான் தூர்ந்தால் விளையும் கேடு மாறுவதில்லை. பணமுடை வருங்காலத்திற் கான் வேலையை ஒத்திவைத்தல் எளிது. மண் மெலிந்தாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அதை நிறுத்துக் கூலி பெறும் குடும்பத்தின் அடுப்பிலும் அது தெரியும்.

2016ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையிலே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். இத்தகைய ஆழ்ந்த நிலச்சரிவு மேல்மண்ணரிப்பினின்றும் வேறானது. புல் நட்டு மட்டும் அதைத் தடுத்துவிட முடியாது. ஆயினும் நீர் செல்லும் வழியை ஒழுங்காக வைத்தலும், அபாயச் சரிவுகளினின்று குடியிருப்புகளை அகற்றலும் நம்மால் இயல்வனவே. லயன்களில் வாழ்வோருக்கு மண் பேணல் உயிர்ப் பேணலாகவும் அமைகின்றது.

மாணவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். சம அளவான இரு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே சாய்வில் வைக்க. ஒன்றைச் சருகால் மூடுக. மற்றதை வெறுமையாக விடுக. இரண்டுக்கும் பூவாளியால் ஒரே அளவு நீரூற்றி, வழிந்தோடும் நீரைத் தனித்தனிப் போத்தல்களில் ஏந்துக. ஓர் இரவு தெளியவிட்டு, அடியிற் படிந்த மண்ணை உலர்த்தி நிறுத்துக் குறித்துக்கொள்க. அவ்விரு நிறைகளின் வேற்றுமையே சப்பிரகமுவச் சரிவுகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடும்.