காவலுக்கு ஆண் குட்டியா, பெட்டைக் குட்டியா?

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் தோட்டக் காவலுக்கு இராஜபாளையம், சிப்பிப்பாறை இனக் குட்டி வாங்க விரும்பும் விவசாயிகள் ஆணா, பெட்டையா என்பதை முன்னரே முடிவு செய்தல் நலம்.

ஆண் நாய் உருவில் பெரியது. ஆனால் பருவத்திலுள்ள பெட்டையின் வாடை கிடைத்தால் வேலி தாண்டி ஓடும். ஒரகடம் சாலையில் லாரியில் அடிபட நேரிடலாம். பெட்டை அவ்வளவாக அலையாது. எனினும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை, சுமார் 3 வாரம் பருவத்தில் இருக்கும். அப்போது கட்டிக் காக்கத் தவறினால் 63 நாட்களில் குட்டிகள் ஈனும். ஆகவே சாலையோர நிலத்திற்குக் கருத்தடை செய்த பெட்டையே ஏற்றது.

வெள்ளை இராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. பின்னால் நின்று கைதட்டி, திரும்பிப் பார்க்கும் குட்டியையே வாங்கவும். 8 வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்.