இரண்டாம் வன்தட்டும் இடம் மாறும் எழுத்தும்

கல்லூரியிற் சேரும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று சேர்வு இடாப்பிற் பொறிக்கப்படும் சேர்விலக்கம். மற்றையது வகுப்பு வரவு இடாப்பில் அவன் பெயர் நிற்கும் வரிசையிலக்கம். முன்னையது அவன் கல்லூரியை நீங்கிய பின்னரும் மாறாதது. பின்னையதோ ஆண்டுதோறும் மாறும். இடையிலே புதியவன் ஒருவன் சேரினும் மாறும். ஏழாம் இலக்கத்தான் எட்டாம் இலக்கத்தானாகிவிட்டமையால், அவன் வேறொருவனாகிவிட்டான் என்று எந்த ஆசிரியரும் கருதுவதில்லை. கணினியில் இரண்டாவது வன்தட்டைப் பூட்டியபின் நேரும் குழப்பங்களை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை பெரிதும் உதவும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாங்குளத்திலே, கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்திக்கு அணித்தாயுள்ள ஓர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டேன். பழைய மாணவர் பதிவேடொன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. இடப்பெயர்வுகளிலே தப்பிய சில தாள்களையும், முதியோர் நினைவிலிருந்து சொல்லியவற்றையும் கொண்டு பல மாதங்களாகத் தொகுக்கப்பட்ட பதிவேடு அது. வெளி வன்தட்டொன்றில் ‘ஈ’ என்னும் எழுத்தின் கீழ் அது இருந்தது. கணினியின் உள்ளே புதிய வன்தட்டைப் பூட்டும் பொருட்டு வெளித்தட்டைக் கழற்றி வைத்தனர். வேலை முடிந்தபின் மீண்டும் இணைத்தனர். ‘ஈ’யைத் திறந்தபோது அது வெறுமையாயிருந்தது. யாவும் அழிந்தன என்று துணிந்து, ஆறு மாதத்துக்கு முந்திய பழைய பிரதியொன்றை அங்கே பதிக்க முற்பட்டிருந்தனர். அது நிகழ்ந்திருப்பின் ஒரே பதிவேடு இரண்டாகப் பிளவுண்டு, எது பிந்தியது என்றறியாத நிலை உண்டாகியிருக்கும். பதிவேடோ ‘எஃப்’ என்னும் எழுத்தின் கீழ் யாதொரு குறையுமின்றி இருந்தது!

இவ்வெழுத்துகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வட்டுகளுக்கு எழுத்திடும் வழக்கத்தைச் சிறு கணினிகளிடையே பரப்பியது, கேரி கில்டால் என்பார் 1974 இல் ஆக்கிய சி.பி.எம். என்னும் பணிசெயல் முறைமையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981 இல் வெளியிட்ட கணினியில் நெகிழ்வட்டுகள் இரண்டு ‘ஏ’, ‘பி’ எனப் பெயர் பெற்றன. 1983 இல் வந்த ‘எக்ஸ்.டி.’ கணினியிலே 10 மெகாபைட்டு வன்தட்டு ‘சி’ ஆயிற்று. நெகிழ்வட்டு வழக்கொழிந்த பின்னரும் முதல் வன்தட்டு ‘சி’ என்றே வழங்குதற்குக் காரணம் இதுவே.

பழைய டாஸ் முறைமையும் விண்டோஸ் 95, 98 என்பனவும் எழுத்துகளை நினைவில் வைப்பதில்லை. கணினியை இயக்குந்தோறும் புதிதாக எண்ணும். முதல் வன்தட்டின் முதன்மைப் பிரிவு ‘சி’. அடுத்து, இரண்டாம் வன்தட்டின் முதன்மைப் பிரிவு ‘டி’. அதன் பின்னரே முதல் வன்தட்டின் தருக்கப் பிரிவுகள் எண்ணப்படும். ஆகவே இரண்டாம் வன்தட்டு வந்தவுடன், நேற்றுவரை ‘டி’யாயிருந்த பகுதி ‘ஈ’ ஆகிவிடும். இரண்டாம் தட்டிலே முதன்மைப் பிரிவை அமைக்காது, விரிவுப் பிரிவும் அதனுள் தருக்கப் பிரிவுகளும் மாத்திரம் அமைப்பதே அக்காலத்தவர் கண்ட பரிகாரம். பழைய கணினியை இன்னும் பேணுவோர் இதனை அறிதல் நன்று.

விண்டோஸ் 2000 முதலாக இம்முறை மாறிற்று. ஒவ்வொரு வன்தட்டின் தொடக்கத்திலும் நான்கு பைட்டு நீளமான அடையாள எண் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. புதிய ‘ஜி.பி.டி.’ முறையில் அமைந்த தட்டுகளிலே பிரிவு ஒவ்வொன்றுக்கும் பதினாறு பைட்டு அடையாளம் உண்டு. இதுவே நாம் மேலே கூறிய சேர்விலக்கம். எந்த அடையாளத்துக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் பதிவகத்தில் எழுதி வைக்கும். எனினும் ஒரு தட்டுக் கழற்றப்பட்டிருக்கும்போது அதன் எழுத்து வெற்றிடமாகத் தோன்றும். அவ்வேளை வரும் புதிய தட்டு அதனைக் கைக்கொள்ளலாம். மாங்குளத்தில் நிகழ்ந்தது இதுவே.

இனிப் பரிகாரத்தைக் கூறுவாம். விண்டோஸ் தொடக்கப் பொத்தானின்மேல் வலச்சொடுக்கிட்டு, ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்னும் பகுதியைத் திறக்க. அங்கே தட்டுகளை எழுத்தைக் கொண்டன்றி, அளவையும் பெயரையும் கொண்டே இனங்காண்க. நிறைந்த எழுத்தொன்றை மற்றொரு பிரிவுக்குக் கொடுத்தல் இயலாது. ஆதலின் முதலில், ‘ஈ’யைக் கைக்கொண்ட புதிய பிரிவின்மேல் வலச்சொடுக்கிட்டு, எழுத்தை மாற்றும் கட்டளையால் அதற்கு ‘பி’க்குப் பின்னுள்ள வெற்றெழுத்தொன்றை வழங்குக, பின்னர் பழைய பிரிவுக்கு ‘ஈ’யை மீள வழங்குக. எழுத்தே இன்றி ஒரு பிரிவு காணப்படின் அதே கட்டளையால் எழுத்தொன்றைச் சேர்க்கலாம். இறுதியிற் கணினியை மூடி மீள இயக்குக. மேலும், கழற்றி மாட்டும் வெளித்தட்டுக்கு எழுத்துவரிசையின் பிற்பகுதியிலுள்ள எழுத்தொன்றை வழங்கினால், புதிய தட்டுகள் அதனைக் கவர்தல் அரிதாகும்.

இவ்விடத்தே நான்கு எச்சரிக்கைகள் வேண்டற்பாலன. ஒன்று, விண்டோஸ் தங்கியுள்ள ‘சி’யின் எழுத்தை மாற்ற முயலற்க. இரண்டு, பழைய தட்டை இணைத்தவுடன் அதனை ‘ஃபோர்மட்’ செய்யவோ ‘இனிஷியலைஸ்’ செய்யவோ கணினி வினவின் உடன்படற்க. புதிய வெற்றுத்தட்டுக்கே அவை உரியன. லினக்ஸ் முறையில் அமைந்த தட்டை விண்டோஸ் வாசிக்க அறியாமையாலும் அவ்வாறு வினவுவதுண்டு. மூன்று, ஒரு தட்டை மற்றொன்றின் முழு நகலாக ஆக்கினால் இரண்டுக்கும் அடையாளம் ஒன்றாகிவிடும். அப்போது ஒன்றை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என ஒதுக்கும். அதனை ‘ஆன்லைன்’ ஆக்கினால் புதிய அடையாளம் பொறிக்கப்படும். அதன்பின் அந்நகலிலிருந்து கணினியை இயக்குதல் தடைப்படவுங்கூடும். நான்கு, எதனையும் தொடங்குமுன் வேறொரு தட்டிற் பிரதி எடுத்துக்கொள்க.

இஃது சிறு காரியமன்றோ என்று சிலர் வினவலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வன்னிப் பெருநிலத்தோர் 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளின் இடாப்புகள் எத்தனையோ கைவிடப்பட்டன. எஞ்சியவற்றை மின்வடிவிற் பேணும் பணியை 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் ஆற்றி வருகின்றன. இத்தகைய நிலத்திலே, தீயாலுமன்றிப் போராலுமன்றி, ஓர் எழுத்து மாறியமையால் ஒரு பதிவேடு கெட்டது என்னும் சொல் எழலாகாது.

ஆதலின், மாணாக்கர்காள், வெறுமையான தட்டைக் கண்டு அஞ்சற்க. கைவைக்குமுன் சிறிது பொறுமின். வரிசையிலக்கம் மாறினும் மாணவன் வகுப்பிலேயே இருப்பான். அவனை அவன் சேர்விலக்கத்தாற் கண்டறிந்து, உரிய இடத்தில் இருத்துதலே நாம் செய்யவேண்டியது.