பாலியில் என்ன வாங்கலாம்?

அன்புள்ள வெண்பா,

பாலியில் என்ன வாங்கலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறாய். பட்டியல் தர மாட்டேன். கையில் எடுக்கும் பொருள் எந்த ஊரில், எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கப் பழகிக்கொள், போதும்.

முதலில் பாத்திக். உபுத் சந்தையில் கடைக்குக் கடை தொங்கும். ஆனால் அதன் பெரிய மையம் பக்கத்துத் தீவான ஜாவா. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடத்தில் நன்றாக ஊறிவிடும். அதனால் இரண்டு பக்கமும் நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். புரட்டிப் பார், பின்பக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அச்சடித்த துணிதான். கடற்கரையில் இடுப்பில் சுற்ற அதுவே போதும். கைவேலைக்கான விலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதே.

பாலியின் சொந்த நெசவு 'எண்டெக்'. ஊடை நூலை ஆங்காங்கே கட்டிச் சாயமேற்றி நெய்வது. போச்சம்பள்ளிச் சேலை கட்டும் உன் அம்மாவுக்குப் பார்த்ததும் பிடிபடும்: உருவங்களின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும்.

இதைவிடக் கடினமானது 'கெரிங்சிங்'. தீவின் கிழக்கே, கரங்காசெம் பகுதியில் தெங்கானன் என்ற கிராமத்தில் நெய்கிறார்கள். பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்ற வேண்டும். நெய்யும்போது இரண்டின் நிறமும் குறித்த இடத்தில் வந்து பொருந்த வேண்டும். குஜராத்தின் பாட்டன் பட்டோலாவும் இதே வித்தைதான். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு நுணா இனத்து வேர்ப்பட்டை. ஒரு துணி முடியச் சில ஆண்டுகள்கூட ஆகும். விலை உன் கைக்கு எட்டாது. ஆனாலும் போய்ப் பார், அம்மா. தறியில் ஆள் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்த பிறகு விலை ஏன் அப்படி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஊரில் உனக்குக் கட்டுப்படியாகும் பொருளும் உண்டு: அட்டா கூடை. அட்டா என்பது கொடியாகப் படரும் ஒருவகைப் பெரணி. அதன் தண்டைப் பின்னி, வெயிலில் உலர்த்தி, தேங்காய் மட்டைப் புகையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். பழுப்பு நிறமும் புகை வாசமும் அதனால்தான். பாலியிலிருந்து கொண்டுவர இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது என் கட்சி.

வெள்ளிக்குச் செலுக் கிராமம், மரச்சிற்பத்துக்கு மாஸ் கிராமம். வெள்ளியில் 925 முத்திரை இருக்கிறதா என்று பார்.

கடையில் 'ஹர்கா பாஸ்' என்று எழுதியிருந்தால் ஒரே விலை, பேரம் பேசாதே. சுகாவதி சந்தையில் பேசத்தான் வேண்டும். காலையிலேயே போ. அங்கேயும் முதல் போணிக்கு மதிப்பு உண்டு. வாங்கிய நோட்டை மற்ற சரக்கின்மேல் தட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விலை இளகும். அதற்காக 10,000 ரூபியாவுக்கு மல்லுக்கு நிற்காதே. நம் பணத்தில் அது 60 ரூபாய்கூட இல்லை.

ஆமை ஓட்டு வளையல், பவளப்பாறைத் துண்டு இரண்டையும் தொடவே தொடாதே. கடலாமை இந்தோனேசியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். அதன் ஓட்டில் செய்ததை நாடு விட்டு நாடு எடுத்து வருவதும் குற்றம். விற்றவர் கடையிலேயே இருப்பார், சுங்கத்தில் மாட்டுவது நீதான்.

அன்புடன்,
உன் சித்தப்பா