உடற்கல்விக்கு எந்தப் பாடவிதானம்?



நம் பிள்ளைகள் படிக்கும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்ற பாடத்தின் விதானம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் ஆக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மாத்தறைக்கும் ஒன்றாகவே வருகின்றது. ஆகையால், எதைத் தெரிவது என்ற கேள்வி நம் அதிபர்களுக்கோ பெற்றாருக்கோ எழுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் உண்டு. மாநில அரசு பொதுவான நியமங்களை வகுக்கும்; நேரத்தையும் குறிக்கும். கலிபோர்னியாவில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பத்துப் பாடசாலை நாட்களில் 200 நிமிடமும், மேல் வகுப்புகளுக்கு 400 நிமிடமும் உடற்கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த நிமிடங்களில் எதைக் கற்பிப்பது, எந்தப் பாடநூலை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் மாவட்டச் சபையே தீர்மானிக்கும். அச்சபையினர் அநேக இடங்களில் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர்கள். கணித நூலை ஆராய்வதற்குப் பல கூட்டங்கள் நடத்துபவர்கள், தேகாப்பியாசம் என்றதும் ஒரே மாலையில் முடித்துவிட விரும்புவது இயல்பு. அதனால் வந்த நட்டத்துக்கு ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1983ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிசாரும் அந்நகரப் பாடசாலை மாவட்டமும் சேர்ந்து, போதைப்பொருளிலிருந்து பிள்ளைகளைக் காக்க 'டெயார்' என்ற திட்டத்தைத் தொடங்கினர். சீருடை அணிந்த பொலிஸ் உத்தியோகத்தரே வகுப்புக்கு வந்து பாடம் நடத்துவார். பெற்றாருக்குப் பிடித்தது, ஆசிரியருக்கு வேலை குறைந்தது, பொலிசாருக்கு நற்பெயர் கிடைத்தது. இப்படி எல்லாருக்கும் பிடித்துவிட்டதால், காலக்கிரமத்தில் நாட்டின் பாடசாலை மாவட்டங்களில் பெரும்பான்மையானவை அதை ஏற்றுக்கொண்டன. பிள்ளைகள் உண்மையாகவே போதைப்பொருளைத் தவிர்க்கிறார்களா என்று கேட்டவர்கள் சிலரே. 1994இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், அதனால் விளைந்த மாற்றம் மிகச் சிறியது என்று கண்டனர். 2003இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமும், திட்டத்தைப் படித்த பிள்ளைகளுக்கும் படியாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அறிவித்தது. சோல்ற் லேக் நகரம் 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. பின்பு 2009இல் திட்டத்தினரே பழைய பாடத்தை மாற்றி, வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டனர்.

இங்கே குற்றம் யாருடைய நல்லெண்ணத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். போதைப்பொருள் கெட்டது என்று அறிந்த பிள்ளை அதைத் தொடாது என்ற எண்ணமே பிழைத்தது. நண்பன் ஒருவன் நீட்டும்போது முகம் முறியாமல் மறுப்பது எப்படி என்பது அறிவு அன்று, பழக்கம். பழகிப் பார்ப்பதற்கு வகுப்பில் நேரம் வேண்டும். சுகாதாரப் பாடநூல் ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் எத்தனை நோய்களின் பெயர் உள்ளது என்று எண்ணாதீர்கள். பிள்ளை எத்தனை முறை எதையாவது செய்து பழகுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய தவறுகளைக் குறைக்க, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் இரு ஆய்வுக் கருவிகளை வெளியிட்டது. உடற்கல்விக்கானது 2006இலும் சுகாதாரக் கல்விக்கானது 2007இலும் வந்தன, இரண்டும் பின்னர் திருத்தப்பட்டன, இரண்டும் இலவசம். ஆசிரியர், பெற்றார், பாடசாலைத் தாதி, நிர்வாகி ஆகியோர் ஒரு குழுவாக அமர்ந்து கேள்விகளுக்குப் புள்ளியிட வேண்டும். சொல்லப்பட்டவை விஞ்ஞானப்படி சரியா? ஊராரின் பண்புக்கு ஏற்றவையா? இருக்கும் ஆசிரியரையும் நேரத்தையும் கொண்டு நடத்தக் கூடியவையா? செலவு தாங்குமா? செலவு என்பது புத்தகத்தின் விலை மட்டுமல்ல. ஆசிரியரைப் பயிற்றுவதும், தேயும் பந்துகளையும் அறுந்த கயிறுகளையும் ஆண்டுதோறும் மாற்றுவதும் அதிலே சேரும். பங்குச் சபைகளில் இருந்து கட்டடக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

உடற்கல்வியில் இன்னுமொரு சூழ்ச்சி இருக்கிறது. நாற்பது நிமிட வகுப்பு என்று நேரசூசியில் இருக்கும். பெயர் கூப்பிட ஐந்து நிமிடம், அணி பிரிக்க ஐந்து, பிறகு ஒருவர் பந்தடிக்க இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். பந்து பட்டவர் வெளியேற வேண்டிய ஆட்டங்களில், முதலில் வெளியேறி வெயிலில் குந்தியிருப்பது ஓடத் தெரியாத பிள்ளையே. ஓட்டம் அதிகம் தேவையானதும் அதற்குத்தான். 1991 முதல் 1994 வரை கலிபோர்னியா, லூசியானா, மினசோட்டா, ரெக்சாஸ் மாநிலங்களின் 96 ஆரம்பப் பாடசாலைகளில் 'கச்' என்ற பெரிய பரிசோதனை நடந்தது. புதிய பாடமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்ற பாடசாலைகளில், பிள்ளைகள் வகுப்பின் பாதி நேரத்துக்குச் சற்று மேலாக உண்மையில் உடல் அசைந்து உழைத்தனர். மற்றப் பாடசாலைகளில் அது குறைவு. ஆனால் உடற்பருமனிலும் இரத்த அழுத்தத்திலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறோம். பாடத்தை விற்க வருபவர் முதற் பாதியை மட்டுமே சொல்லக் கூடும். வாரத்தில் சில நிமிடங்களைக் கொண்டு வீட்டுச் சாப்பாட்டையும் நாள் முழுவதும் இருந்த இருப்பையும் வெல்ல முடியாது.

புள்ளியிடுவதைப் பற்றியும் கேட்க வேண்டும். 1950களில் ஹான்ஸ் கிராவுஸ் என்ற வைத்தியர் ஆறு எளிய தசைப் பயிற்சிகளால் பிள்ளைகளைச் சோதித்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றிலாவது தவறினர். ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. கலங்கிய ஜனாதிபதி ஐசனோவர் 1956இல் இளைஞர் உடற்தகைமைச் சபையை அமைத்தார். அவ்வழியில் வளர்ந்த ஜனாதிபதித் தேர்வு, ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு முன்னணியில் நின்றவர்களுக்கு விருது கொடுத்தது. கயிற்றிலோ கம்பியிலோ தொங்கி எல்லார் முன்னிலும் தோற்ற பிள்ளை அதில் கற்றது என்ன? 2012 - 2013 கல்வியாண்டுடன் அத்தேர்வு நிறுத்தப்பட்டது. 2025இல் ஜனாதிபதி ட்ரம்ப் அதை மீண்டும் கொண்டுவரக் கட்டளை பிறப்பித்தார். ஆகவே மாவட்டச் சபைகளின் மேசைக்கு இக்கேள்வி திரும்பவும் வருகிறது.

இதற்கு மாற்றாக நடந்த ஒன்றை அறிந்திருப்பது நல்லது. இல்லினோய் மாநிலத்தின் நேப்பர்வில் என்ற ஊரில், உடற்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளின் உடலில் இருதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டனர். முதலில் ஓடி முடித்தவர் யார் என்று பாராமல், அவரவர் இருதயம் எவ்வளவு உழைத்தது என்று பார்த்துப் புள்ளியிட்டனர். மெதுவாக ஓடிய பிள்ளை தன்னால் இயன்றதையெல்லாம் செய்துகொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. சுகாதாரக் கல்வியில் பாலியல் பற்றிய பகுதியே கூட்டங்களில் அதிகம் சத்தம் எழுப்புவது. 2016இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் அப்பகுதியைக் கட்டாயமாக்கியது. அதேவேளை, பாடநூல்களைப் பார்வையிடவும், எழுத்து மூலம் அறிவித்துத் தம் பிள்ளையை அப்பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளவும் பெற்றாருக்கு உரிமை அளித்தது. வாசியாத புத்தகத்தைப் பற்றிச் சத்தமிடுபவர் எக்கட்சியிலும் உண்டு. கூட்டத்துக்குப் போகுமுன் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பிள்ளையின் வகுப்புக்குரிய பக்கங்களையாவது வாசியுங்கள். மறுக்க வேண்டிய இடம் இருந்தால் பக்க எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.